அந்த வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள் முன்னால் முதல் ஆளாகப் போய் நின்றவள் நான்தான். எனக்கு நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் நிற்கவில்லை. நான் நின்றால் மற்றவர்கள் பயம் தெளிந்து வருவார்கள் என்பதற்காக நின்றேன்.

ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். பிறந்த ஊர் கீழே ஆலங்காயம். கணவரும் மகனும் அங்கேதான் இருக்கிறார்கள். வாரம் முழுவதும் மலையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து இறங்குவேன். பல வருடங்களாக இப்படித்தான். ஊரில் இப்போது ஓடியாடும் பிள்ளைகள் எல்லோரும் என் கையில் சோறு தின்றவர்கள்.

கார்த்திகை மாதம் காசநோய் முகாம் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் வீடு வீடாகப் போய் நான்தான் சொல்லிவிட்டு வந்தேன். வயதானவர்கள், பீடி குடிப்பவர்கள், வெளியூர் வேலைக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்றேன். "எங்களுக்கு இன்னா நோவு டீச்சர்?" என்று சிரித்தார்கள். ஒருவர், "போட்டோல எதுனா தெரிஞ்சா அப்படியே வண்டில ஏத்திகினு போய்டுவாங்களா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். பெரிய இயந்திரம் வரும் என்று நினைத்திருந்தோம். கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவரின் கேமராவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி மட்டும்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு பலகையை வைத்து, எதிரில் நின்று பெட்டியை அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் நெஞ்சு தெரிகிறது. சந்தேகமான இடத்தைக் கம்ப்யூட்டரே நிறம் போட்டுக் காட்டுகிறது. ஜனங்கள் பலா மரத்தடியில் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரும் நகரவில்லை.

"பாருங்க, நானே மொதல்ல நிக்கறேன்" என்று போய் நின்றேன். நிஜமான போட்டோவுக்கு நிற்பதுபோல அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

படம் எடுத்தவர் திரையைப் பார்த்தார். இன்னொரு முறை நிற்கச் சொன்னார். பிறகு காசநோய்ப் பிரிவு ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஊழியரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். பைக்கில் மலை முழுக்கச் சுற்றி, நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து, வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது அவர் வேலை. நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ஓரமாக அழைத்துப் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"டீச்சர், இருமல் எதுனா இருக்குதா?"

"இருக்குது சார். மழைக்காலம் ஆரம்பிச்சதுலேர்ந்து. மெடிக்கல்ல சிரப் வாங்கிக் குடிச்சினுதான் இருக்கேன்."

அவர் ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "அந்தாண்ட போய் நல்லா இருமி சளி எடுத்துக் குடுங்க."

நான் வேலி ஓரம் போய்விட்டு வருவதற்குள் மரத்தடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்திருந்தார்கள். அன்று ஊரில் இருந்த பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை பேரில் நெஞ்சில் நிழல் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து சார் போன் செய்தார். "பயப்படாதீங்க டீச்சர். டிபி தான். ஆனா எல்லா மருந்துக்கும் கட்டுப்படற கிருமி. மெஷின்லயே அது தெரிஞ்சிடுது. ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டா போய்டும்" என்றார். என்னைப் பற்றி எனக்குப் பயம் வரவில்லை. ஆறு மாதம் மாத்திரை தின்ன முடியாதா என்ன. எனக்கு அங்கன்வாடி அறைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. பனி உள்ளே வருகிறது என்று காலையில் ஜன்னலை நான்தான் சாத்துவேன். மதியம் பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்து, அவர்களுக்கு நடுவில் நானும் படுத்து, முதுகைத் தட்டிக்கொண்டே பாடுவேன். பாட்டுக்கு நடுவில் இருமியது நினைவு வந்தது. 

கொஞ்ச நாள் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். கீழே வீட்டில் தனி அறையில் இருந்தேன். கணவருக்கும் மகனுக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகள் எல்லோரையும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் பார்த்தார்கள். நோய் இல்லாத பிள்ளைகளுக்கும் அது வராமலிருக்கத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்ன மாட்டேன் என்று எந்தப் பிள்ளை அழுதது, எந்தத் தாய் திட்டினாள் என்பதையெல்லாம் அங்கன்வாடியில் சமைக்கும் ஆயாவிடம் போனில் கேட்டுக்கொள்வேன். யாரும் என்னைத் திட்டவில்லை என்று ஆயா சொன்னாள். அவள் சொன்ன விதத்திலேயே திட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

பிறகு ஒருநாள் ஆயா, "அந்தப் பாப்பாவுக்கு மட்டும் சந்தேகமா இருக்குதாம் டீச்சர்" என்றாள்.

எந்தப் பாப்பா என்று சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை. முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போகும். ஆடி மாதத்திலிருந்து எடை ஏறவே இல்லை. அதற்காக அவள் அம்மாவை நான் ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். "புள்ளைக்கு ஒழுங்கா சோறு போடறியா இல்லியா நீ?" என்று. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "போடறேன் டீச்சர், துன்ன மாட்டேங்குது" என்றாள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. விழுங்கிவிடும். அதனால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வயிற்றிலிருந்து அதை எடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தையின் அப்பா குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். முகாமுக்குச் சில நாட்கள் முன்னால்தான் மேஸ்திரி வேன் வந்து மலையிலிருந்து ஆட்களை ஏற்றிப் போயிருந்தது. அம்மா மட்டும் தனியாக இருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எனக்கு அதற்குள் மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. இனி உங்களிடமிருந்து பரவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு நானும் போனேன்.

நர்ஸ் குழாயை எடுத்தபோது அம்மா கைகளைப் பிடித்தாள். காலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் பிடித்தேன். குழந்தை அம்மாவைப் பார்த்து அழவில்லை. என்னைப் பார்த்து, "வாணாம் டீச்சர், வாணாம் டீச்சர்" என்று அழுதது. அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகள் அடித்தால் என்னிடம்தானே ஓடி வரும். அந்தப் பழக்கம். அன்றைக்கும் மறுநாளைக்கும் அப்படி எடுத்தார்கள். இரண்டாம் நாள் குழந்தை என்னைக் கூப்பிடவில்லை.

கிருமி இருந்தது. ஆனால் மிகவும் கொஞ்சமாக இருந்ததால், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று இயந்திரத்தால் சொல்ல முடியவில்லை. அதை வளர்த்துப் பார்க்கப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு மாதம்கூட ஆகலாம், அதுவரை சாதாரண மருந்தையே கொடுப்போம் என்று டாக்டரம்மா சொன்னார். "டீச்சருக்குக் கட்டுப்படற கிருமிதானே, பாப்பாவுக்கும் அதேதான் இருக்கும்" என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது குழந்தை பஸ்ஸில் அம்மா மடியில் தூங்கியது. வளைவுகள் ஏற ஆரம்பித்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்கிட்டேர்ந்துதாம்மா வந்துச்சு. என்னாலதான் புள்ளைக்கு இந்தப் பாடு."

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க இன்னா டீச்சர் பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

அன்றிலிருந்து அதை நான் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். ஊரில் யாராவது பேச்சை எடுக்கும் முன்னால் நானே எடுப்பேன். என்னால்தான், நான்தான் ஜன்னலைச் சாத்தினேன், நான்தான் சிரப்பிலேயே காலத்தை ஓட்டினேன் என்பேன். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். பழியை ஒப்புக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது நல்ல சுகம் என்றும் நினைத்திருந்தேன்.

மார்கழியில் சார் அந்த வீட்டுக்கு வந்தார். நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வழி காட்ட நானும் கூடப் போனேன். ஒரு குழந்தைக்குக் காசநோய் வந்தால் அந்த வீட்டில் உள்ள பெரியவர்களையும் பார்க்க வேண்டும் என்பது முறை. குழந்தைகளுக்குப் பெரியவர்களிடமிருந்துதான் வரும். அம்மாவுக்கு முகாமிலேயே படம் எடுத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்திருந்தது. இருந்தாலும் சார் வாசலில் நின்று கேட்டார்.

"வூட்ல வேற யாருக்கானா இருமல் இருக்குதாம்மா? வெளியூர்ல இருக்கறவங்களையும் சேத்துதான் கேக்கறேன்."

அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்னால் நான் பேசிவிட்டேன்.

"இந்த வூட்ல யாருக்கும் இருமல் இல்ல சார். எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான் நமக்குத் தெரியுமே. அவங்களப் போய் ஏன் தொந்தரவு பண்ணிகினு."

சார் என்னைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். அவள் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். அவருக்கு அன்று இன்னும் நான்கைந்து ஊர்கள் பாக்கி இருந்தன. சரி என்று கிளம்பிவிட்டார். அந்தப் பெண்ணை ஒரு கேள்வியிலிருந்து காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு நான் அங்கன்வாடிக்குத் திரும்பினேன்.

பொங்கலுக்குத் தோட்டத்திலிருந்து சிலர் ஊருக்கு வந்திருந்தார்கள். அந்தக் குழந்தையின் அப்பாவும் வந்திருந்தார். குழந்தைக்கு ஒரு கவுனும் வெல்லமும் வாங்கிக்கொண்டு போனேன். அவர் வீட்டுக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரமான மனிதர். புளிய மரத்தில் கடைசிக் கிளை வரை ஏறி உலுக்குவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்று சட்டை தொளதொளவென்று இருந்தது. தோட்டத்து வேலை கடுமை என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"மன்னிச்சுக்கப்பா. என்னாலதான் பாப்பாவுக்கு இப்படி ஆயிடுச்சு" என்றேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்து இருமினார். நெடுநேரம் இருமினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோளில் இருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பீடிதான் என்று எனக்குத் தோன்றியது. காசநோய் இருமல் எப்படி இருக்கும் என்று ஊர் முழுக்கப் போய்ச் சொன்ன எனக்கு, எனக்கே வந்து மாத்திரை தின்றுகொண்டிருந்த எனக்கு, அப்படித்தான் தோன்றியது. "பீடிய உட்டுடுப்பா" என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன். பொங்கல் முடிந்து அவர் வேனில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு மாத்திரை வேலை செய்தது. பசி எடுத்தது. இருமல் நின்றது. குழந்தைக்கு எடை ஏறவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. தினமும் மாத்திரையைத் தேனில் குழைத்து நானே கொடுப்பேன். நான் தேறத் தேற அது தேறாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது கஷ்டமாக இருந்தது. கண்ணாடியில் என் கன்னம் தெளிந்திருப்பதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

மாசி மாதம், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சார் போன் செய்தார்.

"டீச்சர், பாப்பாவோட கல்ச்சர் ரிசல்ட் வந்துட்டுது. அது நம்ம மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி. முக்கியமான மருந்தே அதுக்கு வேலை செய்யாது. வேற மருந்து ஆரம்பிக்கணும், உடனே கூட்டினு வரணும்."

"எனக்குக் கட்டுப்படுதே சார்?"

"அதான் டீச்சர். உங்க கிருமி வேற, பாப்பாவோட கிருமி வேற. உங்ககிட்டேர்ந்து வரல."

அன்னக்கரண்டியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்த வீட்டை நோக்கி நடந்தேன். நடந்தேன் என்று சொல்வதே பொய். ஓடினேன். என்னால் இல்லை, என்னால் இல்லை என்று மனசு துள்ளியது. அத்தனை மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. நாலு வயதுக் குழந்தைக்கு மருந்துக்கு மசியாத நோய் என்ற செய்தியை எடுத்துக்கொண்டு போகிறவள் அப்படி ஓடினேன்.

வாசலில் அவள் குழந்தையின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்று, "என்கிட்டேர்ந்து வரலம்மா" என்றேன். அதைத்தான் முதலில் சொன்னேன். குழந்தைக்கு மருந்து மாற்ற வேண்டும் என்பதை இரண்டாவதாகத்தான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்கே தெரிந்தது. அதை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை.

சார் மறுநாள் வந்தார். இந்த முறை அவர் என்னை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் அவளிடம் தனியாகப் பேசினார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குடகுக்குப் போன் போட்டு அப்பாவை வரவழைத்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுத்தான் இறங்கினார். சளியைப் பார்த்ததில் அவருக்கும் அதே மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருந்தது. முந்தின வருடமே தோட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்குக் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "ஒரு மூணு மாசம் சாப்ட்டேன். நல்லாயிட்ட மாதிரி இருந்துச்சு. ஊருக்கு வந்தப்ப உட்டுட்டேன்" என்று சொன்னாராம். இங்கே ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது தெரியாது. அங்கிருந்தவர்களுக்கு அவர் எங்கே போனார் என்று தெரியாது.

எக்ஸ்ரேயில் அவருடைய ஒரு பக்க நுரையீரல் வெகுவாகக் கெட்டிருந்தது. ரெண்டு மூணு மாசம் முன்னாடி பாத்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் மாசியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். மார்கழி வந்தது.

குழந்தையையும் அவரையும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றாகவே சேர்த்துப் புது மருந்து ஆரம்பித்தார்கள். இப்போதெல்லாம் ஊசி இல்லை, மாத்திரைதான், ஆனால் மாத்திரைகள் அதிகம். அவர்களைச் சேர்த்துவிட்டு, மாற்றுத் துணி எடுத்து வர அந்தப் பெண்ணும் நானும் மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் தானாகவே பேசினாள். என்னைப் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அவரு இருமறது எனக்குத் தெரியும் டீச்சர்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"போன வருசத்துலேர்ந்தே தெரியும். டிபின்னு தெரிஞ்சா மேஸ்திரி வேன்ல ஏத்த மாட்டாரு. வாங்கின அட்வான்சுக்கு இன்னா பண்றது? அவரும் சொல்லாதன்னாரு. அன்னிக்கி சார் வந்து கேட்டாரே, அப்ப சொல்லிடலாம்னுதான் நிமிந்தேன். புள்ளையப் பாத்தா சொல்லிடணும்னு இருந்துச்சு. நீங்க யாருக்கும் இருமல் இல்லன்னுட்டீங்க."

"நீ சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். சொன்ன உடனே வெட்கமாக இருந்தது.

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "நீங்க உங்க மேல போட்டுகினீங்க. எனக்கு நிம்மதியா போச்சு. நம்ம ஆளு மேல இல்லன்னு ஆயிட்டுதேன்னு உட்டுட்டேன். அப்புறம் ஒவ்வொரு தபாவும் நீங்க என்னாலதான் என்னாலதான்னு சொல்லும்போது எனக்கு உங்க மூஞ்சியப் பாக்க முடியாது. உங்கள அப்படி உட்டுட்டனேன்னு. இப்ப புள்ளையும் அங்க கெடக்குது, அவரும் கெடக்கறாரு."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. இரண்டு பேரும் ஒரே சீட்டில் ஆளுக்கு ஒரு பழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் என்னிடம் முன்பு சொன்னதுபோல, நீ என்னம்மா பண்ணுவே என்று சொல்லியிருக்கலாம். அது முழுக்க உண்மை இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்ட பிறகு அது வாயில் வரவில்லை. நிறுத்தம் வந்ததும் அவள் பையை நான் வாங்கிக்கொண்டேன். வீடு வரை கூடவே நடந்தேன்.

சாருக்கும் நான் போன் செய்தேன். மார்கழியில் அந்த வாசலில் நான் குறுக்கே பேசியது தப்பு என்றேன். 

"நான் அவங்களக் கேட்டேன், நீங்க பதில் சொன்னீங்க. அத நான் எடுத்துகினு போயிருக்கக் கூடாது டீச்சர். நமக்குதான் ஆள் கெடச்சிட்டாங்களேன்னு இருந்துட்டேன்" என்றார். பிறகு, "அந்த வேன்ல அவரோட போனவங்க எல்லாரையும் பாக்கணும் இப்ப. நாளைக்கு நீங்க வருவீங்களா?" என்று கேட்டார்.

போனேன். வேனில் போனவர்கள் அதற்குள் தோட்டத்திலிருந்து திரும்பி நான்கு ஊர்களில் இருந்தார்கள். வீட்டுப் பெண்கள் யாரும் முதலில் வாயைத் திறக்கவில்லை. சார் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஒவ்வொரு வாசலிலும் எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் நல்ல மனுசனுங்க, இவங்க வூட்ல ஒண்ணும் இருக்காதுங்க என்று சொல்லத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்ற ஒரு வாசலில், வெகுநேரம் கழித்து, ஒரு பெண் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்க மச்சானுக்கு ராவுல இருமல் இருக்குதுங்க" என்றாள். அவரிடமும் அதே கிருமி இருந்தது. அவருக்கு நெஞ்சு அதிகம் கெடுவதற்கு முன்னால் மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றுக்கு ஒன்று ஈடாகவில்லை.

எனக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆலங்காயம் பஸ்ஸிலா, கல்யாண வீட்டிலா, யாருடைய இருமலிலிருந்து என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆறு மாதம் முடிந்து எனக்குக் குணமாகிவிட்டது. குழந்தைக்குப் புது மருந்து ஒத்துக்கொண்டது. அந்த மருந்தால் தோல் கொஞ்ச நாள் கறுத்து, பிறகு தெளிந்தது. எடை ஏறியது. இப்போது அங்கன்வாடியை விட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது. மற்ற பிள்ளைகள் யாருக்கும் இதுவரை எதுவும் வரவில்லை.

குழந்தையின் அப்பாவுக்கும் கிருமி போய்விட்டது. ஆனால் கெட்ட நுரையீரல் கெட்டதுதான். தோட்டத்து வேலைக்குப் போக முடியாது. மரம் ஏற முடியாது. மாசி, பங்குனியில் ஊர்ப் புளி முழுக்கக் களத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெண்களோடு சேர்ந்து அவரும் உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுக்கிறார். கடைக்குப் போகும் பாதை அந்தக் களத்தை ஒட்டித்தான் போகிறது. என்னைக் கண்டால் மரியாதைக்காக எழுந்து நிற்பார். எழுந்து நிற்பதற்கே அவருக்கு மூச்சு இரைக்கும். "உக்காருப்பா, எதுக்கு எழுந்திருக்கற" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "பரவால்ல டீச்சர், புள்ளைக்கு நீங்கதான பாத்தீங்க" என்று சொல்லி, நான் தாண்டிப் போகும்வரை நின்றுகொண்டே இருக்கிறார். மார்கழியில் வாசலில் நான் சொன்னதை அவர் மனைவி அவரிடம் சொன்னாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவும் இல்லை.

அதனால் புளி தட்டும் நாட்களில் நான் ஓடையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகக் கடைக்குப் போகிறேன்.